நாற்பது வயதுப் பாட்டுக்கு இருபது வயதுக் கால்கள்

ஆகஸ்ட் 8, டோக்கியோ

ஜப்பானைச் சுற்றிப் பார்க்க ஆகஸ்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைவு. வெயில் கொளுத்தும், புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், முன்னோர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகை விடுமுறை என்பதால் ரயிலில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. எனக்கு வேண்டியதோ ஆகஸ்டில்தான் கிடைக்கும். நகோயாவில் வேலை பார்க்கும் தங்கை ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்: "அண்ணா, நீ யூடியூப்ல பாக்குற பாட்டுக்கெல்லாம் இங்க மைதானத்துல ஊரே ஆடுது. ஓபோனுக்குக் கிளம்பி வா." வந்துவிட்டேன். அவளும் இங்கே வந்து சேர்ந்துகொண்டாள்.

1970களிலிருந்து 1990கள் வரை வந்த ஜப்பானியக் கொண்டாட்டப் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். எடுத்த எடுப்பிலேயே ட்ரம்பெட் அலறும், பின்னணிக் குரல்கள் ‘ஹேய்’ போடும், உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிற்க வைக்கும். அன்றைக்கு அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது ஆகிவிட்டது. ஆனால் இன்று அதே பாட்டுகளைத் தேடிப் பிடித்து ஆடுவது 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். ஷோவா காலம் 1989 ஜனவரி 7 அன்று பேரரசர் ஹிரோஹிதோவின் மறைவோடு முடிந்தது. அதில் ஒரு நாள்கூட வாழாதவர்கள் ‘ஷோவா ரெட்ரோ’ என்று பெயர் வைத்து அதற்காக ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் எங்கே ஊறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசை.

இன்று இரவு ஷிஞ்சுகுவில் கரோக்கே. தங்கையின் கம்பெனியில் டோக்கியோ கிளையில் இருக்கும் இளைஞர்கள் கூட்டிப்போனார்கள். அறை சின்னது, எட்டுப் பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். மேஜை மேல் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் டேப்லெட், இரண்டு மைக், ஒரு கஞ்சிரா போன்ற டாம்பரின். அலுவலக உடையில் அமைதியாக ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் முதல் பாட்டைப் போட்டாள்: மார்னிங் முசுமே என்ற பெண்கள் பாட்டுக்குழுவின் ‘லவ் மெஷின்’. 1999 செப்டம்பரில் வந்தது, 16 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பாட்டோடு குழுவில் சேர்ந்து நடுவில் நின்று பாடிய கோதோ மாகிக்கு அப்போது வயது 13. அந்த வருடங்களில் ஜப்பானில் பட்டதாரிகளுக்கு வேலை கிடைப்பதே அரிது. அப்படிப்பட்ட நேரத்தில், இந்த நாட்டின் வருங்காலத்தைப் பார்த்து உலகமே பொறாமைப்படும் என்று டிஸ்கோ தாளத்தில் பாட வைத்தார் அந்தக் குழுவின் தயாரிப்பாளர் சுங்கு. துணிச்சலான காரியம்.

அந்தப் பெண் திரையைப் பார்க்கவே இல்லை. வரிகள் மனப்பாடம். பல்லவி வந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரின் கையும் ஒரே சமயத்தில் மேலே போனது. மைக் இல்லாதவர்கள்தான் அதிகம் வேர்த்தார்கள். அடுத்து சாய்ஜோ ஹிதேகி 1979இல் பாடிய ‘யங் மேன்’. ஒய், எம், சி, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைக் கைகளால் எழுதிக் காட்டுவதில் ஒருவரும் பிசகவில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தங்கையை விட்டுக் கேட்கச் சொன்னேன். அம்மா காரில் போடுவார் என்றான் ஒருவன். பள்ளி விளையாட்டு விழாவில் வகுப்பே சேர்ந்து ஆடினோம் என்றாள் லவ் மெஷின் பெண். இந்த இரண்டாவது பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தனியாகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

கரோக்கேயின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1971இல் கோபே நகரத்தில், மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த இனோவே தைசுகே தாம் செய்த கருவியை வாடகைக்கு விட்டார். காசு போட்டால் பின்னணி இசை ஓடும், வாடிக்கையாளர் பாட வேண்டியதுதான். பெரியவர்கள் குடித்துவிட்டுப் பாடுகிற விஷயமாகவே அது ரொம்ப காலம் இருந்தது. 1985 வாக்கில் ஒகயாமாவில் பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றை அறையாக மாற்றி வாடகைக்கு விட்ட பிறகுதான் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் உள்ளே வந்தார்கள். அம்மாவும் பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடியதால்தான் அம்மாவின் பாட்டு பிள்ளைக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9, டோக்கியோ

காலையில் தமாச்சி ஸ்டேஷனில் இறங்கி ஷிபாவுரா பக்கம் நடந்தோம். கால்வாய்கள், கிடங்குகள், அலுவலகங்கள். 1991 மே மாதம் இந்தப் பகுதியில்தான் ‘ஜூலியானாஸ் டோக்கியோ’ என்ற பிரம்மாண்டமான டிஸ்கோ திறந்தது. உடம்போடு ஒட்டிய குட்டை உடை போட்ட பெண்கள், உயரமான மேடையில் ஏறி, இறகு வைத்த விசிறியைச் சுழற்றி ஆடிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1994 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். மூன்று வருடம்தான் இருந்தது, ஆனால் பங்கு விலையெல்லாம் குமிழி போல வீங்கிப் பணம் கொழித்த ஜப்பானின் ‘பபிள்’ காலம் என்றாலே எல்லோரும் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள்.

உண்மையில் அந்தக் காலத்துப் பங்குச் சந்தை உச்சியைத் தொட்டது 1989 டிசம்பர் 29. நிக்கேய் குறியீடு 38,915இல் நின்றது. அடுத்த வருடமே சரிவு. ஜூலியானாஸ் திறந்தபோது வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. பணம் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போனது. இன்றைய இருபது வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் பிடிப்பதில் எனக்கு வியப்பில்லை. சம்பளம் பெரிதாக ஏறாத நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இரவு ஒரு டிஸ்கோவுக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணிகள் ஒரு பக்கம், கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். ஓடியது யூரோபீட். பெரும்பாலும் வடக்கு இத்தாலியில், ஜப்பான் சந்தைக்கென்றே தயாரான வேகமான நடன இசை அது. ஏவெக்ஸ் என்ற இசை நிறுவனம் 1990இல் ‘சூப்பர் யூரோபீட்’ இசைத்தட்டு வரிசையைத் தொடங்கி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு ஆடும் ஆட்டம் பாரா பாரா. கால் இடமும் வலமும் மாறி மாறி வைப்பதோடு சரி, வேலையெல்லாம் கைகளுக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கையசைவு உண்டு, அதை மாற்ற முடியாது. எல்லோரும் ஒரே திசை பார்த்து, வரிசையாக நின்று, ஒரே மாதிரி ஆட வேண்டும்.

எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகளுக்கு இருபது இருக்கலாம். ஒரு பாட்டில் அம்மா இடது கையை நெற்றியிலிருந்து வெளியே வீசி, வலது கையை இடுப்பில் இரண்டு முறை தட்டி, சட்டென்று இரண்டையும் குறுக்கே வைத்தார். மகள் ஒரு அட்சரம் பிந்தினாள். அடுத்த சுற்றில் அம்மா திரும்பிப் பார்க்காமலேயே அசைவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினார். மகள் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் கேட்ட பதில் எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது. இந்தப் பாட்டுகளைப் பிள்ளைகள் காதால் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. கையும் காலும் தோளும் முதலில் கற்றுக்கொள்கின்றன, ஏக்கம் அதற்குப் பிறகு வருகிறது.

ஆகஸ்ட் 10, ஒசாகா போகும் ரயிலில்

ஷிங்கான்சென்னில் ஜன்னல் சீட். ஃபூஜி மலை மேகத்துக்குள் இருந்தது.

ரயிலில் கேட்க வேண்டிய பாட்டு ஒன்று உண்டு. கோ ஹிரோமி 1984இல் பாடிய ‘24 கோடிக் கண்கள்’. அப்போதைய தேசிய ரயில்வேயின் சுற்றுலா விளம்பரத்துக்காக வந்தது. அன்று ஜப்பானின் மக்கள்தொகை 12 கோடி, அதனால் 24 கோடிக் கண்கள். அரசாங்க ரயிலுக்கு விளம்பரம் செய்ய இவ்வளவு துள்ளலான பாட்டா என்று ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கிறது. 2017 வருடக் கடைசியில் நடந்த கோஹாக்கு பாட்டுப் போட்டியில் கோ ஹிரோமி இதைப் பாடியபோது பின்னால் ஆடியவர்கள் ஒசாகா மாகாணத்தின் தோமியோகா உயர்நிலைப் பள்ளி நடனக் குழு மாணவிகள்.

அந்த மாணவிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. 2017 கோடையில் தேசிய அளவிலான பள்ளி நடனப் போட்டியில் அவர்கள் ஆடியது ‘பபிள் நடனம்’. தோள் பட்டை வைத்த கோட்டு, தடித்த புருவம், தூக்கி வாரிய முன்முடி, இறகு விசிறி என்று அம்மா காலத்து உடையில் இறங்கினார்கள். நடனம் அமைத்தவர் அகானே. பாட்டு, ஒகினோமே யோகோவின் ‘டான்சிங் ஹீரோ’. போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் வீடியோ வெளியானதும் நாடே அதைப் பார்த்தது. முப்பது வருடம் கழித்து அந்தப் பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. அந்த டிசம்பரில் ஜப்பான் ரெக்கார்டு விருது விழா மேடையில் ஒகினோமே அதே மாணவிகளோடு ஆடினார்.

வெளிநாடுகளில் இப்போது ‘சிட்டி பாப்’ என்ற அதே காலத்து ஜப்பானிய நகரத்துப் பாட்டுகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். தகேவுச்சி மரியாவின் ‘பிளாஸ்டிக் லவ்’, மட்சுபாரா மிகியின் ‘நள்ளிரவுக் கதவு’ எல்லாம் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அவை இரவில் ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேட்கிற பாட்டுகள். ஜப்பானுக்குள்ளே தலைமுறைகளைக் கோத்து வைத்திருப்பவை சத்தமான, பளபளப்பான, பண்டிதர்கள் கண்டுகொள்ளாத இந்தக் கொண்டாட்டப் பாட்டுகள். அவற்றுக்கு இன்னும் மரியாதை வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, கோஷியென்

உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டி. 1924இல் கட்டிய கோஷியென் மைதானம். எனக்கு பேஸ்பால் விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும், வந்தது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பள்ளி பேண்டு குழுக்களுக்காக. ‘ஆல்ப்ஸ்’ என்று பெயர் பெற்ற மாடங்களில், தங்கள் அணி மட்டை பிடிக்கும் நேரம் முழுக்க பிள்ளைகள் விடாமல் வாசிக்கிறார்கள். எதிரணி ஆடும்போது ஓய்வு. டியூபா வைத்திருந்த ஒரு பையன் ஒவ்வொரு ஓய்விலும் தன் கழுத்தைத் துடைப்பதற்கு முன்னால் ஈரத் துண்டால் கருவியைப் போர்த்தினான். நான் உடைத்த ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் பையை வாங்கி, முதலில் பிடரியில் வைத்துக்கொண்டு, கரைந்ததும் குழல் வைத்துக் குடித்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வாசித்ததில் பாதி 1970களின் பாட்டுகள். யாமமோதோ லிண்டாவின் ‘நெராயுச்சி’, 1973. பிங்க் லேடி என்ற இரு பெண்கள் குழுவின் ‘சவுத்பா’, 1978. இரண்டுக்கும் வரிகள் அகு யூ, இசை தொகுரா ஷுன்இச்சி. பித்தளைக் கருவிகளுக்கென்றே செய்தது போன்ற மெட்டு, அதனால்தான் ஐம்பது வருடமாக மைதானத்தை விட்டுப் போகவில்லை. வாசிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அசல் பாட்டைப் பாடியவர் யாரென்று தெரியாமல்கூட இருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் மெகாஃபோனைத் தட்ட வேண்டும், எங்கே மட்டையாளர் பெயரைக் கத்த வேண்டும் என்பதில் அவர்களுக்குத் துளியும் சந்தேகமில்லை.

பிங்க் லேடிக்கு நடனம் அமைத்த தோய் ஹாஜிமேயை நினைத்துக்கொண்டேன். டிவிக்கு முன்னால் நின்று நாட்டின் சின்னப் பெண்கள் எல்லோரும் அவருடைய அசைவுகளைப் பழகினார்கள். அவர்கள்தான் இன்றைக்குப் பாட்டிகள். இன்னொரு விஷயம்: இத்தனை ஆட்டப் பாட்டுகளை எழுதிய அகு யூ, 1979இலிருந்து 2006 வரை இந்தக் கோடைப் போட்டியைப் பற்றி ஒரு விளையாட்டு நாளிதழில் கவிதைகள் எழுதிவந்தார். தன் பாட்டைப் பிள்ளைகள் வெயிலில் வாசிப்பதை அவரும் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்.

ஆகஸ்ட் 13, நகோயாவுக்கு வடக்கே

நான் வந்ததே இந்த இரவுக்காக.

தங்கை குடியிருக்கும் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானம். நடுவில் யகுரா என்ற மர மேடை, சுற்றிச் சிவப்பு வெள்ளைத் துணி, மேலே ஒரு பெரிய முரசு. நான்கு திசைக்கும் விளக்குச் சரங்கள். ஓபோன் என்பது முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள், அவர்களுக்காக ஆடுவது போன் ஒடோரி. மேடையை நடுவில் வைத்து வட்டமாக நம் கும்மி போலச் சுற்றி வருகிறார்கள், ஆண், பெண், குழந்தை, கிழவர் என்ற வித்தியாசம் இல்லை.

முதலில் வந்தது ‘தங்கோ புஷி’, கியூஷுவின் நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. மண்வெட்டியால் அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுவது போல ஆட வேண்டும். அப்புறம் 1933இலிருந்து ஆடிவரும் ‘டோக்கியோ ஒந்தோ’. யுகாதா என்ற கோடைக்கால மெல்லிய கிமோனோ உடுத்திய பெரியவர்கள் நிதானமாகச் சுற்றினார்கள். பள்ளி மாணவர்கள் ஓரத்தில் சோளம் கடித்துக்கொண்டு, ஐஸ் துருவல் தின்றுகொண்டு, எதற்கோ காத்திருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் சிந்தசைசரின் முதல் அடி விழுந்ததுதான் தாமதம், மைதானத்தின் நாலாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். சோளத்தைத் தம்பி கையில் திணித்துவிட்டு ஓடியவளைக் கண்ணால் பார்த்தேன். ‘டான்சிங் ஹீரோ’! 1985 நவம்பரில் வந்த பாட்டு. ஆஞ்சி கோல்டு என்ற ஆங்கிலேயப் பாடகி பாடியதன் ஜப்பானிய வடிவம். பாடிய ஒகினோமேக்கு அப்போது 16 வயது. நகோயா இருக்கும் ஐச்சி மாகாணத்திலும் பக்கத்துக் கிஃபு மாகாணத்திலும் இது போன் ஒடோரிப் பாட்டாகவே ஆகிவிட்டது. கிஃபுவில் உள்ள மினோகாமோவில் ஆடும் ஆட்டம் இணையத்தில் ரொம்பப் பிரபலம். ஒசாகா மாணவிகளின் வீடியோ வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வட்டம் ஒன்றாக இருந்தது இரண்டானது, இரண்டு மூன்றானது. முன்னால் எட்டு வைத்து, ஒற்றைக் காலில் துள்ளி, கை தட்டி, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி முன்னால். வேகம் என்றால் அப்படியொரு வேகம். மேலே முரசு அடிப்பவர் யூரோபீட் தாளத்துக்கு மேல் தன் தாளத்தை ஏற்றினார். புழுதி முழங்கால் வரை எழுந்தது. யுகாதாவின் இடுப்புப் பட்டையில் விசிறியைச் செருகிக்கொண்டு ஆடிய எழுபது வயது மூதாட்டி ஒருவர் துள்ளும் இடத்தில் துள்ளாமல் குதிகாலை மட்டும் தூக்கினார். ஆனால் சுற்று ஒன்றுகூடத் தவறவில்லை.

தங்கை என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அண்ணா, முன்னாடி இருக்குற அந்தப் பாட்டியோட காலையே பாரு. வேற எங்கயும் பாக்காத." அவளுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். பார்த்தேன். மூன்றாவது சுற்றில் கால் தானாகப் போக ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் மைதானமே இன்னொரு முறை என்று கத்தியது. போட்டார்கள். மறுபடியும் கத்தினார்கள், மறுபடியும் போட்டார்கள்.

இடைவேளையில் அந்த மூதாட்டியிடம் பேசினோம். இந்தப் பகுதியில் வருடா வருடம் ஜூலையில் பள்ளி அரங்கில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் அவர். தன்னிடம் கற்றவர்களின் பிள்ளைகள்தான் இப்போது வெளி வட்டத்தில் ஆடுகிறார்கள் என்றார். பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். முதல் வருடம் இது போன் பாட்டே இல்லை என்று சண்டை போட்டாராம். "அப்புறம் பார்த்தேன், ஆடாத பையன்கள் எல்லாம் இதற்கு மட்டும் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் தங்கோ புஷிக்கும் நின்றுவிட்டார்கள்" என்றார்.

கடைசியாக ‘மட்சுகென் சம்பா 2’. இந்த ஐச்சி மாகாணத்தின் தோயோஹாஷியில் பிறந்த மட்சுதைரா கென், டிவியில் வருடக்கணக்கில் ஷோகுனாக, அதாவது அந்தக் காலத்து ராணுவ ஆட்சியாளராக, நடித்தவர். 2004இல் தங்க நிறக் கிமோனோ உடுத்திச் சம்பா பாடி, தேசத்தையே ஆட வைத்தார். அந்த வருடம் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கு இது சொந்தச் சின்ன வயது ஞாபகம், மற்றவற்றைப் போல இரவல் ஞாபகம் இல்லை. அதனால்தானோ என்னவோ, மற்றப் பாட்டுகளுக்குச் சிரித்துக்கொண்டே ஆடியவர்கள் இதற்குத் தொண்டை கிழியப் பாடினார்கள்.

ஆகஸ்ட் 15, குஜோ ஹச்சிமான்

கிஃபுவின் மலைகளுக்குள் பஸ்ஸில் வந்தோம். இங்கே ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய ஆட்டம். வழக்கம் சுமார் 400 வருடப் பழமையானது, 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஃபூரியூ ஒடோரி நடனங்களில் இதுவும் ஒன்று. டிஸ்கோ கிடையாது, ஒலிநாடா கிடையாது. தெரு நடுவில் நிற்கும் சின்னத் தேரில் உட்கார்ந்து ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியமும் குழலும் முரசுமாக நேரடியாக வாசித்துப் பாடுகிறார்கள். மொத்தம் பத்துப் பாட்டு.

இங்கே வயதானவர்கள்தான் இருப்பார்கள் என்று யாராவது நினைத்தால், வந்து பார்க்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல் தெருவில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்களுக்கு உயிரான பாட்டு ‘ஹருகோமா’. குதிரைக் கடிவாளத்தைப் பிடிப்பது போலக் கையை வைத்து, மரச் செருப்பால் தரையை ஓங்கி உதைத்துத் துள்ள வேண்டும். கெத்தா என்ற அந்த மரச் செருப்புகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் தார் ரோட்டில் விழும் சத்தம் முதுகெலும்பில் ஏறுகிறது. பாடகர் முதல் அடியை எடுத்ததும் எழுந்த ஆரவாரம், முந்தாநாள் மைதானத்தில் சிந்தசைசர் ஒலித்தபோது எழுந்த அதே ஆரவாரம்.

எனக்கு இடது பக்கம் ஆடிய கல்லூரிப் பையன் மினோகாமோக்காரன். நேற்றுவரை ஊரில் ‘டான்சிங் ஹீரோ’ ஆடிவிட்டு வந்திருக்கிறான். எது பிடிக்கும் என்று தங்கை கேட்டாள். "ஹருகோமாவுக்குக் கால் வலிக்கும், டான்சிங் ஹீரோவுக்கு மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துள்ளலுக்குப் போய்விட்டான்.

வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். குஜோவில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சுமார் முப்பது இரவுகள் ஆட்டம் உண்டு, விடிய விடிய ஆடுவது இந்த நான்கு நாட்கள் மட்டும். யார் வேண்டுமானாலும் வட்டத்தில் சேரலாம். இந்த நாட்களுக்கு ஊரில் அறை கிடைப்பது கஷ்டம், நாங்கள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் நகோயா திரும்புகிறோம். கெத்தாவை இங்கேயே வாங்குங்கள், ஆட்டத்துக்கென்றே தடித்த அடிக்கட்டையோடு விற்கிறார்கள். வார் உராயும் இடத்தில், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, கிளம்புவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.